பூட்டுக்குப் பொய் தெரியாது

கோத்ரெஜ் என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. தமிழ்நாட்டில் சில வருடங்கள் அகதியாக இருந்துவிட்டு இங்கே வந்த ஆக்களுக்கு அது இரும்பு அலுமாரியின் பெயர். அங்கே அதைப் பீரோ என்பார்கள். வேறு சிலருக்கு அது சவர்க்காரத்தின் பெயர். ஆனால் கோத்ரெஜ் என்று ஒரு மனிதர் இருந்தார், அவர் முதலில் ஒரு வழக்கறிஞர், பிறகு பூட்டுச் செய்தவர் என்பது எங்கடை ஆக்களில் கனபேருக்குத் தெரியாது. இந்தப் புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று சங்கத்தார் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் கணக்கியல் படித்த நான், ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து செய்கிற வேலை பூட்டு வேலை. பூட்டுப் பொருத்துவது, திருத்துவது, திறப்பு வெட்டிக் கொடுப்பது, திறப்பைத் துலைத்துவிட்டுப் பனிக்குள் நிற்கிறவர்களுக்குக் கதவு திறந்து விடுவது. ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ் வீடுகளின் கதவுகளில் என்ரை கைபட்ட பூட்டு இருக்கிறது. தொழிலைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான் இந்த மனிதரின் கதை கிடைத்தது. வாசித்து முடித்த அன்று எனக்கு என் தொழில் மேல் ஒரு மரியாதை வந்தது.

அவருடைய முழுப்பெயர் அர்தேஷிர் புர்ஜோர்ஜி கோத்ரெஜ். 1868 ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பார்சிகள் யார்? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பு, பாரசீகத்தில் தங்கள் சமயத்தோடு வாழ முடியாமல் கடல் கடந்து குஜராத் கரையில் வந்து இறங்கிய சனம். இன்றைய சொல்லில் சொன்னால் அகதிகள். வந்த இடத்தின் மொழியைத் தங்கள் மொழியாக்கி, சமயத்தையும் விடாமல் காத்துக்கொண்டார்கள். அந்த வழியில் வந்தவர் அர்தேஷிர். தந்தையார் காணி, வீடு சம்பந்தமான வியாபாரம் செய்தவர். மகன் சட்டம் படித்தார்.

இளம் வயதிலேயே அவருக்கு ஒரு பேரிடி விழுந்தது. மனைவி பச்சுபாயும் அவருடைய உறவுப் பெண் ஒருத்தியும் 1891 ஏப்ரலில் பம்பாய் ராஜாபாய் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்க்க ஏறினார்கள். இருவரும் மேலிருந்து விழுந்து இறந்தார்கள். அவர்களை யாரோ தொந்தரவு செய்தார்கள் என்று பேச்சு எழுந்து, வழக்கு நடந்து, ஊரே அதைக் கதைத்தது. கடைசியில் ஒன்றும் தெளிவாகவில்லை. அர்தேஷிருக்கு அப்போது 23 வயது. அதற்குப் பிறகு அவர் மறுமணம் செய்யவில்லை. பிள்ளைகளும் இல்லை.

1894 இல் ஒரு வழக்குக்காக அவரைக் கிழக்கு ஆபிரிக்காவின் சான்சிபார் தீவுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்திய வருடம்தான் காந்தி என்ற இன்னொரு இளம் வழக்கறிஞர் தென்னாபிரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருந்தார். காந்திக்கு அந்தப் பயணம் ஒரு வழியைத் திறந்தது. அர்தேஷிருக்கு ஒரு வழியை மூடியது. வழக்கின் நடுவில், தன் கட்சிக்காரருக்காகத் தான் சொல்ல வேண்டிய விஷயம் முழு உண்மை என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையைக் கொஞ்சம் வளைத்தால் போதும், எல்லா வழக்கறிஞரும் செய்கிறதுதான் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அவர் மாட்டேன் என்றார். பம்பாய்க்குத் திரும்பி வந்தார். சட்டத்தொழில் அதோடு முடிந்தது.

படித்த படிப்பு உதவாமல் போன வலி எங்களுக்குத் தெரியாததல்ல. பொறியியலாளர் பக்டறியில் நின்றதையும், ஆசிரியர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்ததையும் நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். ஒரு வித்தியாசம். எங்களை நிலைமை தள்ளியது. அவரோ தானாக விலகினார்.

பிறகு ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் சத்திரசிகிச்சைக் கருவிகளைச் செய்து விற்கலாம் என்ற எண்ணம் வந்தது. தகப்பனிடம் போனால் கடனாக அல்ல, தானமாகத் தந்துவிடுவார் என்று, குடும்ப நண்பரான மெர்வான்ஜி காமாவிடம் 3000 ரூபா கடன் வாங்கினார். கருவிகள் நன்றாக வந்தன. வாங்கவிருந்தவர்களுக்கும் தரம் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை வந்தது. இந்தியாவில் செய்தது என்ற அடையாளம் அதில் இருக்கக் கூடாதாம். இருந்தால் விற்காதாம். இவர் அந்த அடையாளம் இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்றார். வியாபாரம் படுத்துவிட்டது.

இரண்டு தொழில், இரண்டு தோல்வி. இரண்டுக்கும் ஒரே காரணம்: இல்லாததை இருக்கிறது என்றோ, இருப்பதை இல்லை என்றோ சொல்ல அவருக்கு வரவில்லை.

அந்த நாட்களில் பம்பாயில் வீடுடைப்புகள் கூடிக்கொண்டு போயின. பொலிஸ் அதிகாரி சனங்களை வீட்டைப் பத்திரமாகப் பூட்டச் சொல்லி எச்சரித்த செய்தி பத்திரிகையில் வந்தது. அதை வாசித்த அர்தேஷிர் பூட்டுகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினார். மீண்டும் காமாவிடம் போனார். எங்கடை சமூகத்தில் வேறு யாராவது பூட்டுச் செய்திருக்கிறார்களா என்று அவர் கேட்டாராம். முதல் ஆளா என்று தெரியாது, ஆனால் நீங்கள் உதவினால் திறமான ஆளாக வருவேன் என்ற கருத்தில் இவர் பதில் சொன்னாராம். காசு கிடைத்தது.

இந்த இடத்தில் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் செய்தது என்னவென்று விளங்கும்.

திறப்பில்லாமல் கள்ளன் எப்படிப் பூட்டைத் திறக்கிறான்? பழைய நல்ல பூட்டுகளுக்குள் லீவர் எனப்படும் சில தகடுகள் அடுக்கி இருக்கும். திறப்பின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைத் தூக்கும். ஒவ்வொன்றும் அதற்கு விதித்த உயரத்துக்கு வர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எல்லாம் சரியான உயரத்தில் நின்றால்தான் தாழ்ப்பாள் நகரும். இன்று எங்கள் கதவுகளில் உள்ளது யேல் என்ற அமெரிக்கர் 1860 களில் செம்மைப்படுத்திய முறை. அதில் தகட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பித்தளை ஊசிகள். தத்துவம் ஒன்றுதான்.

எந்தத் தொழிலாளி செய்தாலும் இரண்டு துண்டு உலோகத்துக்கு நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். இடைவெளி இல்லாவிட்டால் பூட்டு அசையவே அசையாது. அந்த இடைவெளிதான் கள்ளனின் வாசல். பூட்டை மெதுவாகத் திருகிப் பிடித்துக்கொண்டால், எல்லா ஊசிகளும் ஒரே நேரத்தில் இறுகாது. ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதை ஒரு கம்பியால் தூக்கினால் அது தன் இடத்தில் தங்கிவிடும். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. கை பழகியவனுக்கு மட்டமான பூட்டு ஒரு நிமிட வேலை. அதனால் நல்ல பூட்டுச் செய்கிறவன் முதலில் அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும். கையால் அராவி அது வராது. திருத்தமான இயந்திரம் வேண்டும், பொறுமையான ஆள் வேண்டும்.

எத்தனை பெரிய பூட்டும் அசையாதது அல்ல என்பதை 1851 இல் உலகம் கண்டது. லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக் காலத்தில் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாது என்று பேரெடுத்த சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். அடுத்து பிராமா பூட்டு. அது 1784 இல் உரிமம் பெற்ற பூட்டு. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடைக் கண்ணாடிக்குள்ளே பல பத்தாண்டுகளாகக் கிடந்தது. அதையும் ஹொப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலம் வேலை செய்து திறந்தார். இங்கிலாந்து தலைகுனிந்தது. ஆனால் பூட்டுக்காரர் அதில் வேறொன்றைப் படித்தார்கள். பூட்டை அளக்கிற அளவுகோல் நேரம். 51 மணித்தியாலம் உங்கள் வாசலில் குந்தியிருந்து வேலை செய்ய எந்தக் கள்ளனுக்கும் முடியாது.

1897 மே 7 ஆம் திகதி, பம்பாய் லால்பாக்கில், எரிவாயுத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், 215 சதுர அடிக் கொட்டில் ஒன்றில் அர்தேஷிர் பூட்டு வேலையைத் தொடங்கினார். எங்கடை தொடர்மாடி வீடுகளின் ஒரு பெரிய அறை அளவு இடம். குஜராத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் ஒரு டசின் தொழிலாளர். நங்கூரச் சின்னத்தோடு வந்தது முதல் பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் தனித் திறப்புகள். ஒன்றின் திறப்பு இன்னொன்றைத் திறக்காது. கம்பி போட்டுத் திறக்க முடியாது என்று உத்தரவாதமும் கூடவே கொடுத்தார்.

அந்த உத்தரவாதத்தை யோசித்துப் பாருங்கள். கோட்டில் சொன்ன பொய் வெளிப்பட வருடக்கணக்காகும், வெளிப்படாமலும் போகும். பூட்டின் பொய் ஒரே இரவில் வெளிப்படும். சோதித்துப் பார்க்கக்கூடிய சொல்லை மட்டும் சொல்ல விரும்பிய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடைத்திருக்காது.

அவர் அதோடு நிற்கவில்லை. லீவர் பூட்டில் ஒவ்வொரு தகட்டையும் ஒரு சின்ன வில் அமத்திக்கொண்டிருக்கும். அந்த வில் உப்புக்காற்றிலும் மழையிலும் துருப்பிடிக்கும், தளரும், முறியும். ஊரில் ஆமைப்பூட்டு மாரிக்குப் பிறகு இறுகிப் போய், தேங்காய் எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தவர்களுக்கு இது விளங்கும். அர்தேஷிர் அந்த வில்லையே எடுத்துவிட்டார். வில் இல்லாத பூட்டுக்கு 1909 இல் உரிமம் கிடைத்தது.

இன்னொரு பூட்டுக்கு இரண்டு விதத் திறப்பு. இரண்டும் திறக்கும், பூட்டும். ஆனால் இரண்டாவது திறப்பால் பூட்டின் உள் அமைப்பையே மாற்றிவிடலாம். மாற்றினால் முதல் திறப்பு உதவாது. வேலையை விட்டுப்போன ஆளிடம் பழைய திறப்பு இருந்தாலும் பயமில்லை. வேறொரு பூட்டு, பிழையான திறப்பு உள்ளே போனால் தானாக இறுகிக்கொள்ளும். சொந்தக்காரர் வந்து தன் திறப்பை ஒரு விசேஷ முறையில் திருப்பினால்தான் விடும். யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அது சொல்லாமல் சொல்லும். இந்தத் தத்துவம் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. அதை இந்திய வீட்டுக்காரரின் கைக்கெட்டச் செய்தவர் இவர்.

கம்பிக்கு மடங்காத பூட்டைக் கண்டால் கள்ளன் துறப்பணத்தை எடுப்பான். வீட்டுக்குப் பூட்டு, நகைக்கும் பத்திரத்துக்கும் என்ன என்று கேட்டவர்களுக்காக 1902 இல் இரும்புப் பெட்டி செய்து விற்கத் தொடங்கினார். அப்போதைய பல பெட்டிகள் தகடு தகடாகப் பொருத்தியவை. பொருத்து இருக்கிற இடத்தில் கள்ளனுக்கு இடமுண்டு, நெருப்புக்கும் இடமுண்டு. அர்தேஷிர் வரைந்து வரைந்து பார்த்து, தன் தொழிலாளரோடு கதைத்துப் பார்த்து, ஒரே உருக்குத் தகட்டை மடித்துப் பெட்டியின் உடலைச் செய்தார். கதவுக்கு இரட்டைத் தகடு வைத்து, பூட்டை உள் தகட்டில் பொருத்தினார். வெளித் தகட்டைத் துளைத்தவனுக்குப் பூட்டு உடனே அகப்படாது. இன்று நாங்கள் கதவில் போடுகிற நல்ல பூட்டுகளிலும் அதே யோசனை வேறு உருவத்தில் இருக்கிறது. பித்தளை உருளைக்குள், துறப்பணம் போகிற வழியில், கடினமாக்கிய உருக்குத் துண்டுகளைப் புதைத்திருப்பார்கள். பித்தளையை வெண்ணெய் போல வெட்டிக்கொண்டு வருகிற துறப்பணம் அதில் முட்டி வழுக்கும், மொட்டையாகும். நேரம் போகும். சத்தம் கேட்கும்.

நேரம் என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, என்ரை அம்மாவும் வீட்டைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டுதான் நடந்தா. இழுத்தும் பார்த்தாவாம், சரியாய்ப் பூட்டுப்பட்டதோ என்று. பிறகு போய்ப் பார்த்த ஆக்கள் பூட்டையும் காணவில்லை, கதவையும் காணவில்லை, நிலையையும் காணவில்லை. திறப்பு மட்டும் அம்மாவோடு ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தது. பூட்டு வேலை செய்கிறவனாக நான் சொல்கிறேன், அந்தப் பூட்டில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும், சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கும், பொலிஸ் என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கையில்தான் உலகத்தில் எந்தப் பூட்டும் செய்யப்படுகிறது. சனமில்லாத ஊரில் கள்ளனுக்கு 51 மணித்தியாலமும் உண்டு, 51 கிழமையும் உண்டு.

இனி அர்தேஷிரின் கதைக்கு வருவோம். தம்பி பிரோஜ்ஷாவும் தொழிலில் சேர்ந்துகொண்டார். காமாவின் உறவினரான பாய்ஸ் என்பவர் சில காலம் பங்காளியாக இருந்து விலகினார். ஆள் போனாலும், உதவியவரின் நன்றிக்காக அந்தப் பெயர் கொம்பனியின் பெயரிலேயே தங்கிவிட்டது. கோத்ரெஜ் அன்ட் பாய்ஸ் என்பது அதுதான்.

சுதேசிப் பொருள் என்ற பேச்சு நாடெங்கும் இருந்த காலம் அது. அர்தேஷிர் சுதேசிதான். 1921 இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபா கொடுத்தவர். ஆனால் எங்கடை நாட்டில் செய்தது என்பதற்காகத் தரம் குறைந்ததை வாங்கச் சொல்வதை அவர் ஏற்கவில்லை. அந்தியப் பொருளைவிட நல்லதாகச் செய்து, அதனால் வெல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னாளில் மிருகக் கொழுப்புச் சேராத சவர்க்காரத்தைத் தாவர எண்ணெயில் செய்து விற்றபோது அதற்கு வைத்த பெயர் சாவி. நாங்கள் திறப்பு என்கிறதைத் தமிழ்நாட்டில் சாவி என்பார்கள். அந்தச் சொல் போர்த்துக்கேயரிடம் இருந்து வந்தது. எனக்கு இங்கே தொழில் பழக்கிய முதலாளி ஒரு போர்த்துக்கேயர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்ட அன்று, ஊரார் ஒருவர் கூப்பிட்டது போல இருந்தது.

1928 இல் தொழிலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நாசிக் பக்கம் போய் விவசாயம் செய்யத் தொடங்கினார். 1936 இல் காலமானார். அவர் செய்து வைத்த வேலை பிறகும் சோதனைக்கு வந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நகரத்தின் ஒரு பகுதியே எரிந்தது. அந்த நெருப்பிலும் கோத்ரெஜ் பெட்டிகளுக்குள் இருந்தவை தப்பின. சுதந்திர இந்தியா 1951-52 இல் முதற் பொதுத்தேர்தலை நடத்தியபோது 12 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குப்பெட்டிகளை அதே கொம்பனி செய்து கொடுத்தது. வெளியே பூட்டுப் போட்டால் விலை கூடும் என்று பூட்டைப் பெட்டிக்குள்ளேயே அமைத்தார்கள். ஒரு தேசத்தின் முதல் வாக்கை அவருடைய தொழில் பூட்டி வைத்தது.

என்னிடம் வருகிற எங்கடை ஆக்கள் கேட்கிற முதல் கேள்வி, உடைக்கவே ஏலாத பூட்டு இருக்கோ என்பது. இல்லை என்றுதான் சொல்லுவேன். சில பேர் முகம் சுருங்கிப் போவினம். அதற்குப் பிறகு நான் சொல்கிறதை இங்கேயும் சொல்லி வைக்கிறேன். பூட்டுப் பெட்டியில் 1, 2, 3 என்று தரம் போட்டிருக்கும். 1 தான் உயர்ந்தது. இந்த ஊரில் கள்ளன் கம்பி போட்டு மினக்கெடுவது குறைவு. கதவை உதைப்பான். வீட்டு நிலை மெல்லிய பலகை. அதனால் நிலையில் உள்ள தகட்டுக்கு 3 அங்குலப் புரியாணி போட்டுச் சுவர் மரம் வரைக்கும் இறுக்குங்கோ. சில டொலர்தான் செலவு. புது வீட்டுக்குப் போனால் முதல் நாளே பூட்டின் உள்ளமைப்பை மாற்றுவியுங்கோ. பழைய திறப்பு யார் யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டுக்காரர் எந்த நாட்டவராய் இருந்தாலும் பழகி வையுங்கோ.

அர்தேஷிர் கோத்ரெஜின் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் சேர்த்த செல்வமல்ல. இரண்டு தரம் விழுந்தபோதும், எழும்புவதற்காகத் தன் சொல்லை அவர் விற்கவில்லை. மூன்றாம் தரம் எழும்பியபோது அந்தச் சொல்லையே பூட்டாகச் செய்து விற்றார். இந்த நகரத்தில் எங்கடை ஆக்கள் கடை திறக்கினம், கொம்பனி தொடங்கினம், வீடு கட்டி விற்கினம். எங்கடை ஆள் என்ற ஒரே நம்பிக்கையில் வாசலுக்கு வருகிற சனத்துக்கு, எங்கடை ஆள் செய்தால் திறமாய் இருக்கும் என்ற பெயரையும் நாங்கள் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு 215 சதுர அடி போதும் என்று ஒரு மனிதர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சித்திரை முதல் நாளில் கைவிசேஷம் கொடுக்க வீட்டுப் பெரியவர்கள் இரும்புப் பெட்டியைத் திறப்பது எங்கள் வழக்கம். இந்த வருடம் எல்லோர் வீட்டுப் பெட்டியும் நிறைந்திருக்கட்டும். அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.